குழந்தைகளின் கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு பார்வை: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குழந்தைகள் கண் பிரிவில் பவர் பார்த்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பது என் வேலை. மதுரை, தேனி, சிவகங்கை, விருதுநகர்ப் பக்கமிருந்து கண்புரை ஆபரேஷன் முடிந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் பதினைந்து வருடமாக என்னிடம் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். டாக்டர் முன்னால் கேட்கத் தயங்கி, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது மெதுவாகக் கேட்பார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, நான் சொல்லும் பதில்களைக் கீழே சேர்த்திருக்கிறேன். உங்கள் பிள்ளையின் கண்ணைப் பார்த்த டாக்டர் இதற்கு மாறாக ஏதாவது சொல்லியிருந்தால் அவர் சொன்னபடியே செய்யுங்கள். ஒரு பிள்ளையின் கண் மாதிரி இன்னொரு பிள்ளையின் கண் இருக்காது.

"கண்புரை வயசானவங்களுக்குத்தானே வரும்? பச்சைப் பிள்ளைக்கு எப்படி?"

கண் பாப்பாவுக்குப் பின்னால் ஒரு லென்ஸ் இருக்கிறது. தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்க வேண்டிய அந்த லென்ஸ் மங்கி வெளுத்துப்போவதுதான் கண்புரை. வயதானவர்களுக்குப் பல வருடங்களில் மெல்ல மங்கும். சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே மங்கியிருக்கும். சிலருக்குச் சில மாதங்களிலோ வருடங்களிலோ வரும். கல், குச்சி, பட்டாசு பட்ட கண்ணிலும் வரும். ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் எடுக்க வேண்டிய பிள்ளைகளுக்கும் வருவதுண்டு.

பெரும்பாலும் வீட்டில் யாராவதுதான் முதலில் கவனிக்கிறார்கள். போனில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் இன்னொன்று வெள்ளையாகவும் தெரியும். ஊரில் இதைப் 'பூ விழுந்திருக்கு' என்பார்கள். கருவிழி மேல் விழும் தழும்புக்கும் அதே பெயர்தான். பெயர் எதுவாக இருந்தாலும், கண் பாப்பாவுக்குள் வெள்ளை தெரிந்தால் அந்த வாரமே கண் டாக்டரிடம் காட்டுங்கள். அபூர்வமாக அது ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கும். அங்கே காத்திருப்பது உயிருக்கே ஆபத்து.

"நான் மாசமா இருக்கும்போது கிரகணத்தன்னிக்கு வெளிய வந்துட்டேன். அதனாலயா?"

இல்லை. இந்தக் கேள்வியைத் தாய்மார்கள் எப்போதும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறார்கள், பெரும்பாலும் மாமியார் பக்கத்தில் இல்லாத நேரத்தில். கிரகணத்துக்கும் கண்புரைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பப்பாளி தின்றதாலோ கத்தரிக்கோலை எடுத்ததாலோ வரவும் இல்லை.

உண்மையான காரணங்களில் ஒன்று ரூபெல்லா. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தாய்க்கு இந்த அம்மை வந்தால், தாய்க்கு லேசான காய்ச்சலும் தடிப்புமாகப் போய்விடும். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குக் கண், காது, இதயம் மூன்றும் பாதிக்கப்படலாம். 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் இந்தத் தொடர்பை முதலில் கண்டறிந்தார். 1990களில் மதுரையில் நடந்த ஆய்வில், கண்புரையோடு வந்த ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குக்கு ரூபெல்லாதான் காரணம் என்று தெரிந்தது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாமை இந்தியா தொடங்கியபோது முதல் கட்டத்திலேயே தமிழ்நாடும் இருந்தது. வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியை நம்பி அப்போது ஊசி போடாமல் விட்ட குடும்பங்களை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. இப்போது 9 மாதத்திலும் 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடுகிறார்கள். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இருவருக்கும் போட வேண்டும்.

மற்றபடி மரபணு ஒரு காரணம். அக்கா மகள், மாமன் மகன் என்று சொந்தத்துக்குள் செய்யும் கல்யாணங்களில் சில பரம்பரை நோய்கள் வர வாய்ப்பு கூடுகிறது. பாலிலிருந்து கிடைக்கும் ஒரு சர்க்கரையை உடம்பால் பயன்படுத்திக்கொள்ள முடியாத குறைபாட்டாலும் வரலாம்; அந்தக் குழந்தைகள் பால் குடித்ததும் வாந்தி எடுக்கும், மஞ்சள் காமாலை இருக்கும். எல்லாப் பரிசோதனையும் செய்த பிறகும் பாதிப் பிள்ளைகளுக்குக் காரணம் தெரிவதில்லை. எதுவானாலும் தாய் செய்த தவறு என்று அதில் ஒன்றும் இல்லை.

"கொஞ்சம் பெரிசானதும் பண்ணிக்கலாமே? ரெண்டு மாசப் பிள்ளைக்குப் போய் மயக்க மருந்தா?"

பயம் நியாயமானது. ஆனால் இங்கே காலம் போனால் திரும்பாது. கண் கேமரா மாதிரி என்றால், படத்தைப் புரிந்துகொள்வது மூளை. பிறந்த முதல் வாரங்களிலிருந்து கண் அனுப்பும் தெளிவான படங்களை வைத்துத்தான் மூளையின் பார்வைப் பகுதி தன்னைக் கட்டிக்கொள்கிறது. ஹியூபெல், வீசல் என்ற இரு விஞ்ஞானிகள் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மட்டும் சில காலம் மூடிவைத்துப் பார்த்தார்கள். பிறகு திறந்துவிட்டபோது கண்ணில் குறை இல்லை, ஆனால் மூளை அந்தக் கண்ணைக் கைவிட்டிருந்தது. பார்வை பற்றிய இவர்களுடைய ஆராய்ச்சிக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது.

அதனால்தான் பிறவியிலேயே அடர்த்தியான புரை என்றால், ஒரு கண்ணில் மட்டும் இருக்கும்போது சுமார் 6 வாரத்துக்குள்ளும், இரண்டு கண்ணிலும் இருக்கும்போது 8 முதல் 10 வாரத்துக்குள்ளும் எடுத்துவிடப் பார்க்கிறோம். ஒரு கண் புரைக்கு ஏன் அதிக அவசரம்? நல்ல கண் மூளையில் அந்த இடத்தையும் பிடித்துக்கொள்ளும். அதே சமயம் பிறந்து நான்கு வாரம் ஆகுமுன் செய்தால் பின்னால் கண் அழுத்த நோய் வரும் ஆபத்து கூடுகிறது, அதனால் அதற்கு முன்பும் அவசரப்படுவதில்லை. சின்னப் புள்ளியாக, ஓரமாக இருக்கும் புரைக்கு ஆபரேஷனே தேவைப்படாமலும் போகலாம். மயக்க மருந்து கொடுக்கும் முன் குழந்தை டாக்டரும் மயக்க மருந்து டாக்டரும் பிள்ளையைப் பார்ப்பார்கள். ரூபெல்லா சந்தேகம் இருந்தால் இதயத்தையும் காதையும் கட்டாயம் சோதிக்க வேண்டும். அந்தக் குழந்தைகளிடமிருந்து ஒரு வயது வரைகூட வைரஸ் பரவலாம், அதனால் வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

"கட்டு அவிழ்த்தாச்சு. ஆனா பிள்ளை என் முகத்தைப் பார்க்கவே மாட்டேங்கறானே?"

பார்ப்பான். ஆபரேஷன் முடிந்த நாளைப் பார்வை வந்த நாள் என்று நினைத்துக்கொள்வதால்தான் இந்த ஏமாற்றம். அன்றைக்கு வெளிச்சம் உள்ளே போக வழி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். லென்ஸை எடுத்த கண்ணுக்குக் கண்ணாடியோ காண்டாக்ட் லென்ஸோ போடாதவரை எல்லாம் புகைமூட்டமாகத்தான் தெரியும். அதைப் போட்ட பிறகும், உங்கள் பிள்ளைக்கு ஐந்து மாதம் என்றாலும் பார்க்கும் வயது அன்றைக்குத்தான் ஒரு நாள்.

இதில் மனசுக்குத் தெம்பு தரும் ஒரு செய்தி உண்டு. கனடாவில் டாஃப்னி மாரரும் அவர் குழுவினரும் புரை எடுத்த 28 கைக்குழந்தைகளைச் சோதித்து 1999இல் எழுதினார்கள். காண்டாக்ட் லென்ஸ் பொருத்தியதும் எல்லாக் குழந்தைகளின் பார்வையும், வயது எத்தனை மாதமாக இருந்தாலும், அன்று பிறந்த குழந்தையின் அளவில்தான் இருந்தது. ஒரு மணி நேரம் விழித்து நாலு பக்கமும் பார்த்த பிறகு மறுபடி அளந்தபோது பார்வை கூடியிருந்தது. ஒரே ஒரு மணி நேரத்தில்!

நானே பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நான்கு மாதப் பெண் குழந்தை, இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆகி மூன்றாவது வாரம். கண்ணாடியை மாட்டியதும் அதுவரை அழுதுகொண்டிருந்தது சட்டென்று நிறுத்தியது. வாய் திறந்தபடி அப்படியே இருந்தது. அம்மா குனிந்தபோது அவர் மூக்குத்தியில் ஜன்னல் வெளிச்சம் பட்டு மின்னியது. குழந்தையின் கை மேலே போய், இரண்டு தடவை காற்றைப் பிடித்து, மூன்றாவது தடவை மூக்கைப் பிடித்துவிட்டது. அந்த அம்மா அசையவே இல்லை. எல்லாக் குழந்தையும் முதல் நாளே இப்படிச் செய்யாது; வாரங்கள் ஆகலாம். முதலில் ஜன்னல், விளக்கு, பிறகு பளிச்சென்ற சேலைக் கரை, அதற்குப் பிறகு முகம் என்றுதான் பல பிள்ளைகள் வருகிறார்கள்.

"உள்ள லென்ஸ் வெச்சாச்சுன்னு சொன்னாங்களே, அப்புறம் எதுக்குக் கண்ணாடி?"

பிறக்கும்போது கண்ணின் நீளம் சுமார் 17 மில்லிமீட்டர். பெரியவர்களுக்கு 23, 24. இந்த வளர்ச்சியில் பெரும்பகுதி முதல் இரண்டு வருடத்திலேயே நடந்துவிடுகிறது. கண் வளர வளர அதற்குத் தேவையான பவர் மாறிக்கொண்டே இருக்கும். உள்ளே வைத்த செயற்கை லென்ஸ் மாறாது. இன்றைய கண்ணுக்குச் சரியாக வைத்தால் பத்து வயதில் கடுமையான கிட்டப்பார்வை வந்துவிடும். அதனால் வேண்டுமென்றே பவரைக் குறைத்து வைப்பார்கள். அந்தக் குறையைக் கண்ணாடிதான் ஈடுகட்டும். அதோடு நம் இயல்பான லென்ஸ் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் தானே மாறிக்கொள்ளும். செயற்கை லென்ஸுக்கு அது முடியாது. கைக்குழந்தையின் உலகம் கை எட்டும் தூரத்தில் இருப்பதால் முதலில் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்ணாடி கொடுத்து, இரண்டு மூன்று வயதில் மேலும் கீழும் பவர் மாறும் பைஃபோக்கலுக்கு மாற்றுவோம்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு லென்ஸ் வெச்சாங்க, எங்களுக்கு ஏன் வைக்கலை?" என்பதும் இதோடு வரும் கேள்விதான். ஆறு ஏழு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் பல டாக்டர்கள் லென்ஸ் வைப்பதில்லை. அமெரிக்காவில் ஒரு கண்ணில் மட்டும் புரை இருந்த 114 கைக்குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸும் பாதிப் பேருக்குக் காண்டாக்ட் லென்ஸும் கொடுத்துப் பத்து வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். பார்வையில் வித்தியாசம் இல்லை. லென்ஸ் வைத்தவர்களுக்குத்தான் மறுபடி ஆபரேஷன் செய்ய வேண்டிய தேவை அதிகம் வந்தது. வைக்காதது சிக்கனத்துக்காகவும் இல்லை, அலட்சியத்தாலும் இல்லை. லென்ஸ் விலை ஒரு தடையாக இருந்த காலம் இருந்தது. 1992இல் மதுரையில் ஆரோலேப் இங்கேயே லென்ஸ் செய்யத் தொடங்கிய பிறகு அந்த நிலை மாறியது. பிள்ளை வளர்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

"மாட்டின மறு நிமிஷம் பிடுங்கி எறியறான். நானும் எத்தனை தடவைதான் மாட்டறது?"

முதலில் கண்ணாடியைச் சோதியுங்கள். மூக்குத் தண்டில் அழுத்தித் தழும்பு விழுகிறதா, காதுக்குப் பின்னால் சிவந்திருக்கிறதா, பிள்ளை குனிந்தால் நழுவி உதட்டுக்கு வருகிறதா? இப்படி ஏதாவது இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள், சரிசெய்து தருகிறோம். கம்பிக் காது இல்லாத, தலைக்குப் பின்னால் எலாஸ்டிக் பட்டை போட்ட ரப்பர் ஃப்ரேம் கைக்குழந்தைகளுக்கு நல்லது. பவர் மாறிப்போயிருந்தாலும் பிடுங்குவார்கள்.

எல்லாம் சரியாக இருந்தால், பால் குடிக்கும்போது மாட்டுங்கள். வாய்க்கு வேலை இருந்தால் கை சும்மா இருக்கும். அப்புறம் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு முடிந்ததும், வெளியே தூக்கிப்போகும்போது என்று பிள்ளைக்குப் பிடித்த நேரங்களோடு சேர்த்துவிடுங்கள். பிடுங்கினால் திட்டாமல், சிரிக்காமல், மறுபடி மாட்டுங்கள். இரண்டு வாரம் வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொண்டால் போதும். தாத்தா பாவம் பார்த்துக் கழற்றிவிடுகிற வீட்டில்தான் இரண்டு மாதம் இழுக்கும். தெளிவாகத் தெரிகிறது என்பது பிள்ளைக்குப் புரிந்த பிறகு காலையில் எழுந்ததும் கண்ணாடியைத் தேடும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

"சோடாபுட்டின்னு கேலி பண்ணுவாங்க. பொம்பளைப் பிள்ளை வேற."

லென்ஸ் வைக்காத பிள்ளையின் கண்ணாடி தடிமனாகத்தான் இருக்கும். பிளஸ் 20க்கு மேல் போகும் பவர் அது. வளர வளரக் குறையும். காண்டாக்ட் லென்ஸ் வாங்கிப் பராமரிக்க முடிகிற குடும்பம் அதைக் கேட்டுப் பார்க்கலாம், ஒரு கண்ணில் மட்டும் ஆபரேஷன் ஆன பிள்ளைகளுக்கு அதுதான் சிறந்தது. பிறகு லென்ஸ் வைத்தால் தடிமன் போய்விடும். கல்யாணக் கவலைக்கு இன்னும் இருபத்தைந்து வருடம் இருக்கிறது. கண்ணாடி போடாமல் இழக்கும் பார்வையை அந்த இருபத்தைந்து வருடத்தில் எந்தப் பணத்தாலும் வாங்க முடியாது. தயவுசெய்து விசேஷ வீடுகளுக்குப் போகும்போதுகூடக் கழற்றாதீர்கள்.

"நல்லா இருக்கிற கண்ணைப் போய் மூடச் சொல்றீங்களே, அதுவும் கெட்டுப்போனா?"

பூனைக்குட்டி விஷயத்தை மேலே சொன்னேன். ஒரு கண்ணில் மட்டும் புரை இருந்த பிள்ளைக்கு மூளை நல்ல கண்ணையே பிடித்துக்கொள்ளும், ஆபரேஷன் செய்த கண்ணைச் சட்டை செய்யாது. இதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறோம். நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டு போட்டு மூடினால், வேறு வழியில்லாமல் மூளை மறு கண்ணைப் பயன்படுத்தத் தொடங்கும். இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆன பிள்ளைக்கும் ஒரு கண் பின்தங்கினால் இது தேவைப்படும்.

நல்ல கண் பாதிக்கப்படுமா என்றால், அளவுக்கு மீறி மூடினால் அதற்கும் வாய்ப்பு உண்டு. அதனால்தான் எத்தனை மணி நேரம் என்று எழுதிக் கொடுத்து, குறிப்பிட்ட தேதியில் வரச் சொல்கிறோம். ஒவ்வொரு முறையும் இரண்டு கண்ணையும் பார்ப்போம்; நல்ல கண் கொஞ்சம் இறங்கினால் நேரத்தைக் குறைத்ததும் பெரும்பாலும் மீண்டுவிடும். தேதிக்கு வராமல் நீங்களாகவே மாதக்கணக்கில் ஒட்டுவதுதான் ஆபத்து.

"எத்தனை மணி நேரம் ஒட்டணும்? ஒரு நாள் விட்டா பரவாயில்லையா?"

மேலே சொன்ன 114 குழந்தைகளுக்கும் எட்டு மாதம் வரை, வயது எத்தனை மாதமோ அத்தனை மணி நேரம் என்று கணக்கு வைத்தார்கள்: மூன்று மாதக் குழந்தைக்கு மூன்று மணி நேரம். அதற்குப் பிறகு விழித்திருக்கும் நேரத்தில் பாதி. உங்கள் பிள்ளைக்கு இது கூடலாம், குறையலாம். தூங்கும்போது ஒட்டியிருந்தது கணக்கில் வராது. ஒட்டிய நேரத்தில் கண்ணாடி போட்டிருக்க வேண்டும். ஒட்டுக்கு மேல்தான் கண்ணாடி. ஒட்டைக் கண்ணாடியில் ஒட்டினால் பிள்ளை ஓரமாக எட்டிப் பார்த்துவிடும், முகத்தில்தான் ஒட்ட வேண்டும்.

முதல் வாரம் அழுகைதான். தெரியாத கண்ணை வைத்துக்கொண்டு நடக்கச் சொல்கிறோம், அழாமல் என்ன செய்யும்? அந்த நேரத்தில் பக்கத்தில் இருங்கள். தட்டில் பொரி போட்டு ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லுங்கள், மணி கோக்கச் சொல்லுங்கள், புளியங்கொட்டை எண்ணச் சொல்லுங்கள். ஒரு தாத்தா தன் கண்ணிலும் ஒரு ஒட்டு போட்டுக்கொண்டு பேத்தியோடு உட்கார்ந்து தினத்தந்தி படிப்பார். இன்னொரு வீட்டில், கழற்றிய ஒட்டைத் தினசரி காலண்டரின் தாளில் அந்தத் தேதி மேலேயே ஒட்டிவைத்து, கிழித்த தாள்களைக் கட்டாகக் கட்டி என்னிடம் கொண்டுவந்தார்கள். எந்த நாள் விட்டுப்போனது என்று புரட்டிப் பார்த்தாலே தெரிந்தது: தீபாவளி, ஒரு காய்ச்சல், ஒரு கல்யாணம். ஒரு நாள் விட்டால் மறுநாள் தொடருங்கள். ஒரு மாதம் விட்டுவிட்டு, திட்டுவார்களோ என்று வராமல் இருந்துவிடாதீர்கள்.

தோல் புண்ணானால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து மெதுவாக எடுங்கள், மறுநாள் ஒட்டும் இடத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள். ஒட்டே முடியாத சில பிள்ளைகளுக்கு நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு விட்டு மங்கவைக்கும் வழியும் உண்டு. அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

"தலைக்கு ஊத்தலாமா? மை வைக்கலாமா? கண்ல தாய்ப்பால் விடலாமா?"

டாக்டர் சொல்லும் தேதி வரை தலைக்கு ஊற்ற வேண்டாம். கழுத்துக்குக் கீழே குளிப்பாட்டி, முகத்தை ஈரத்துணியால் துடையுங்கள். கண்ணில் மை வேண்டவே வேண்டாம், திருஷ்டிக்குக் கன்னத்தில் பொட்டு வையுங்கள். தாய்ப்பால் வயிற்றுக்கு அமிர்தம், ஆபரேஷன் ஆன கண்ணில் விட்டால் கிருமிக்குத் தீனி. பத்தியம் எதுவும் இல்லை. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடுங்கள், கை கழுவிவிட்டு விடுங்கள்.

கண் சிவந்து சீழ் கட்டினாலோ, இமை வீங்கினாலோ, வெளிச்சத்தைப் பார்க்காமல் முகத்தைப் புதைத்துக்கொண்டாலோ அன்றைக்கே வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் வாருங்கள்.

"ஆபரேஷன் பண்ணின கண்ல மறுபடி வெள்ளையா தெரியுது. புரை திரும்ப வந்துடுச்சா?"

எடுத்த புரை திரும்ப வராது. லென்ஸைச் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கிறது. அதில் மிச்சமிருக்கும் செல்கள் வளர்ந்து படலம் போல மூடலாம். பிள்ளைகளின் உடம்பில் எல்லாமே வேகமாக வளர்வதால் இதுவும் வேகமாக வரும். இதைத் தடுக்கத்தான் சின்னக் குழந்தைகளுக்கு ஆபரேஷனின்போதே பின்பக்க உறையில் ஒரு திறப்பு செய்து, அதை ஒட்டியுள்ள கண்ணாடித் திரவத்தையும் கொஞ்சம் எடுத்துவிடுகிறார்கள். அப்படியும் வந்தால், பெரிய பிள்ளைக்கு லேசரிலும் சின்னப் பிள்ளைக்கு மறுபடி மயக்க மருந்து கொடுத்தும் சரிசெய்யலாம். தள்ளிப்போட்டால் ஆபரேஷனுக்கு முன்பிருந்த கதைதான்: வெளிச்சம் போகாத ஒவ்வொரு வாரமும் நஷ்டம்.

"நல்லாத்தான் பார்க்கறான். இன்னும் எதுக்கு வருஷா வருஷம் வரணும்? ஒவ்வொரு தடவையும் பிரஷர் வேற பார்க்கறாங்க."

கண் அழுத்த நோய்க்காக. குழந்தையாக இருக்கும்போது புரை எடுத்த கண்ணில் சில மாதத்திலும் வரலாம், பதினைந்து வருடம் கழித்தும் வரலாம். அந்த அமெரிக்க ஆய்வில் பத்து வயதுக்குள் ஐந்தில் ஒரு குழந்தைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வந்திருந்தது. பெரிய பிள்ளைக்கு வலியே இல்லாமல் வந்து, பக்கவாட்டுப் பார்வையிலிருந்து தின்றுகொண்டே போகும். போன பார்வையை மீட்க முடியாது. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி, இருப்பதைக் காப்பாற்றலாம். கைக்குழந்தைக்கு வந்தால் கருவிழி பெரிதாகும், நீலம் பாய்ந்து மங்கும், கண்ணீர் வடியும். "மாட்டுக் கண் மாதிரி அழகா பெரிசா இருக்கு" என்று சொந்தக்காரர்கள் சொன்னதைக் கேட்டு மகிழ்ந்திருந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். இந்தப் பரிசோதனை வாழ்நாள் முழுக்க வேண்டும். கல்லூரிக்குப் போய்விட்டான், வேலைக்குப் போய்விட்டாள் என்று விட்டுவிடாதீர்கள்.

"கண்ணு ரெண்டும் ஆடிக்கிட்டே இருக்கு. ஒரு கண் மூக்குப் பக்கம் போகுது. அதிர்ஷ்டம்ங்கறாங்களே?"

மாறுகண் அதிர்ஷ்டம் இல்லை. இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம். ஒட்டு, கண்ணாடி, தேவைப்பட்டால் ஒரு ஆபரேஷன் என்று அதற்கு வழி இருக்கிறது. ஆடுவது வேறு விஷயம். முதல் இரண்டு மூன்று மாதம் மூளைக்குத் தெளிவான படம் கிடைக்காததால் வருவது அது. புரை எடுத்த பிறகு குறையலாம், முழுசாக நிற்காமலும் போகலாம். ஆடுகிற கண்ணாலும் படிக்கிற, சைக்கிள் ஓட்டுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தால் திருத்தாதீர்கள், அந்தக் கோணத்தில் ஆட்டம் குறைவாக இருப்பதால்தான் அப்படிச் சாய்க்கிறது.

"உண்மையைச் சொல்லுங்க. எவ்வளவு பார்வை வரும்? 6/6 வருமா?"

6/6 என்றால் குறையில்லாத பார்வை; கீழே இருக்கும் எண் கூடக் கூடப் பார்வை குறைவு என்று அர்த்தம். இரண்டு கண் புரையை நேரத்தோடு எடுத்து, கண்ணாடியை ஒழுங்காகப் போட்ட பிள்ளைகளில் பலர் சாதாரணப் பள்ளியில் படிக்கும் அளவுக்கு வருகிறார்கள். பிறவியில் தெளிவாக இருந்து மூன்று நான்கு வயதில் புரை வந்த பிள்ளைக்கு இன்னும் நன்றாக வரும், மூளை ஏற்கெனவே பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கும். கடினமானது பிறவியிலேயே ஒரு கண்ணில் மட்டும் வரும் புரை. அந்த 114 பேர் ஆய்வில், பத்து வயதில் நால்வரில் ஒருவருக்கு அந்தக் கண்ணில் 6/12 அல்லது அதைவிட நல்ல பார்வை இருந்தது; நூற்றுக்கு 44 பேருக்கு 6/60 அல்லது அதற்கும் கீழே. இதைக் கேட்டு ஒட்டு போடுவதை நிறுத்திய ஒரு அப்பாவிடம் நான் சொன்னது: அந்த நால்வரில் ஒருவர் யார் என்று பிறக்கும்போது யாருக்கும் தெரியாது.

பேசாத குழந்தைக்குப் பார்வையை எப்படி அளக்கிறீர்கள் என்றும் கேட்பீர்கள். ஒரு சாம்பல் அட்டையின் ஒரு பாதியில் கோடுகள், மறுபாதி வெறுமை. கோடு தெரிந்தால் குழந்தை அந்தப் பக்கம் திரும்பும். கோட்டை மெல்லியதாக்கிக்கொண்டே போய், எப்போது திரும்புவதை நிறுத்துகிறது என்று பார்ப்போம். மூன்று வயதில் வீடு, ஆப்பிள், வட்டம், சதுரம் என்று படம் காட்டுவோம்.

"எங்க பொண்ணுக்குப் பன்னிரண்டு வயசு. பிறவியிலேயே ரெண்டு கண்ணும் தெரியாது. இனிமே பண்ணிப் பிரயோஜனம் உண்டா?"

ரொம்ப நாள் இதற்கு 'இல்லை' என்றே பதில் சொன்னார்கள். மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பவன் சின்ஹா தொடங்கிய 'பிரகாஷ்' திட்டம் அதை மாற்றியது. வட இந்தியக் கிராமங்களில் பிறவிப் புரையோடு வளர்ந்துவிட்ட பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடித்து, டெல்லி ஷ்ராஃப் கண் மருத்துவமனையில் ஆபரேஷன் செய்து, பிறகு அவர்கள் பார்க்கக் கற்பதைக் கவனித்தார்கள்.

1688இல் மாலினியூ என்பவர் தத்துவவாதி ஜான் லாக்குக்கு எழுதிய ஒரு கேள்வி இருக்கிறது: தொட்டுத் தொட்டு உருண்டையையும் கனசதுரத்தையும் அறிந்த பிறவிக் குருடருக்குப் பார்வை வந்தால், தொடாமல் பார்த்தே எது எதுவென்று சொல்வாரா? 8 முதல் 17 வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகளிடம் ஆபரேஷன் ஆன இரண்டே நாளில் இதைச் சோதித்தார்கள். தொட்டதைத் தொட்டே கண்டுபிடிப்பதில் 98 சதவீதம் சரி. தொட்டதைப் பார்த்துக் கண்டுபிடிப்பதில் 58 சதவீதம்தான், கிட்டத்தட்ட குருட்டாம்போக்கு. ஆனால் சில நாட்களிலேயே, யாரும் சொல்லிக்கொடுக்காமல், அவர்கள் தேறினார்கள். 2011இல் இது வெளியானது. பன்னிரண்டு வயதில் ஆபரேஷன் ஆன ஒரு பெண்ணை இருபது வருடம் கழித்துப் பார்த்தபோது அவருடைய பார்வை 6/60தான், ஆனாலும் முகங்களையும் பொருள்களையும் அடையாளம் கண்டார்.

எனவே என் பதில்: பெரும்பாலும் உண்டு, முதலில் விழித்திரை நன்றாக இருக்கிறதா என்று டாக்டர் பார்க்கட்டும். 6/6 வராது. எல்லோருக்கும் ஒரே அளவிலும் தேறாது. தனியாக நடக்க, தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க, பஸ்ஸின் நிறம் தெரிய உதவும் பார்வை கிடைத்தாலே அந்தப் பெண்ணின் நாள் வேறு மாதிரி ஆகிவிடும். முதல் மாதங்கள் குழப்பமாக இருக்கும். நிழலைப் பள்ளம் என்று நினைத்துத் தாண்டுவாள், கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தால்தான் நிம்மதி என்பாள். அப்போது பொருளை அசைத்துக் காட்டுங்கள். டம்ளரும் சொம்பும் ஒட்டி இருந்தால் ஒன்றாகத் தெரியும், டம்ளரை நகர்த்தினால் தனியாகப் பிரிந்து தெரியும் என்பதை அந்தத் திட்டத்தில்தான் கண்டார்கள். வண்ணப் பொருள்களில் தொடங்குங்கள். இந்தப் பிள்ளைகள் கறுப்பு வெள்ளைப் படங்களில் மிகவும் தடுமாறுவதாக 2024இல் எழுதினார்கள். தொட்டு, பெயர் சொல்லி, பிறகு பார்க்கவைப்பது நல்ல வரிசை. பிரெய்ல் படித்திருந்தால் அதை நிறுத்தாதீர்கள்.

"அடிக்கடி கண்ணாடி மாத்தச் சொல்றீங்க. செலவுக்கு எங்க போறது?"

ஃப்ரேமை வைத்துக்கொண்டு லென்ஸை மட்டும் மாற்றலாம். பிறவிக் கண்புரை, 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலத் திட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் அந்தக் குழுவிடம் பிள்ளையின் ஃபைலைக் காட்டுங்கள், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே மருத்துவமனைக் கவுண்டரில் கேளுங்கள்.

"ஸ்கூல்ல எங்க உட்கார வைக்கணும்? டீச்சர்கிட்ட என்ன சொல்றது?"

முதல் பெஞ்ச், ஜன்னலுக்கு முதுகு. போர்டில் வெயில் பட்டு மின்னக் கூடாது. பைஃபோக்கல் போட்ட பிள்ளை நோட்டை கண்ணாடியின் கீழ்ப் பகுதியால்தான் பார்க்கும், "தலையை ஏன் தூக்கறே" என்று கேட்க வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லிவையுங்கள். ஒட்டு போடும் நேரத்தை முடிந்தால் வீட்டு நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போட்ட பிறகும் நல்ல கண்ணின் பார்வை 6/18க்குக் கீழே நின்றால், 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் குறைபார்வை என்ற பிரிவு இருக்கிறது. பார்வை எந்த அளவு குறைந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அடையாள அட்டையும் தேர்வில் கூடுதல் நேரமும் கிடைக்கும். சான்றிதழ் வாங்கினால் பிள்ளையின் பெயர் கெட்டுவிடும் என்று பத்தாம் வகுப்பு வரை மறைத்து, கடைசி நேரத்தில் ஓடி வருகிறார்கள். மூன்றாம் வகுப்பிலேயே வாங்கிவிடுங்கள்.

"அடுத்த பிள்ளைக்கும் வருமா?"

காரணத்தைப் பொறுத்தது. அடிபட்டு வந்தது என்றால் வராது. ரூபெல்லாவால் வந்தது என்றால், ஒரு முறை ரூபெல்லா வந்த தாய்க்கு மறுபடி வருவது மிக அபூர்வம். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சின்ன வயதிலேயே புரை இருந்து அது பரம்பரையாக இறங்குகிறது என்றால், ஒவ்வொரு பிரசவத்திலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு வரை இருக்கலாம். பெற்றோர் இருவரும் நன்றாக இருந்தும் மரபணுவில் ஒளிந்து வந்திருந்தால் நான்கில் ஒன்று. முடிந்தால் மரபணு ஆலோசனைக்குப் போங்கள். போக முடியாவிட்டால், இப்போதே உங்கள் கண்களையும் மற்றப் பிள்ளைகளின் கண்களையும் காட்டுங்கள். பெற்றோர் கண்ணில் அவர்களுக்கே தெரியாத சின்னப் புள்ளி இருந்து, அதை வைத்துக் காரணம் பிடிபட்டதுண்டு.

அடுத்த பிரசவத்துக்குப் போகும்போது மூத்த பிள்ளையின் கண் ஃபைலைத் துணிப்பையோடு எடுத்துச் செல்லுங்கள். பிள்ளை பிறந்ததும் வீட்டுக்குக் கிளம்பும் முன், இரண்டு கண்ணிலும் லைட் அடித்துச் சிவப்பு ஒளி தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு நிமிட வேலை அது.